பன்னிரண்டு நிமிஷம் திறக்கக் கூடாது

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கார்ப்பரேஷன் ஆபீசில் இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் ஃபைல் தூக்கியே என் வேலைக்காலம் முழுக்க ஓடிவிட்டது. ரிட்டயர் ஆன பிறகும் கால் நிற்கவில்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு அடுக்களை, ஒரு வராந்தா, அவ்வளவுதான். அதற்குள் நான் ஒரு நாளைக்கு நடக்கிற நடையில் ஆலுவா வரை போய்த் திரும்பிவிடலாம் என்று மகன் கேலி பண்ணுவான். இப்படிப்பட்டவள் போன வருஷம் மூன்று நாள் முழுக்க மீன் துண்டோடு மல்லுக்கட்டினேன். பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைக்காதவள் நான். வீட்டுக்குள் மீன் வரக்கூடாது என்று சட்டம் போட்டவளும் நான்தான்.

எல்லாம் மருமகளுக்காக. அவள் செல்லானத்துப் பெண், கடலோரக் கிறிஸ்தவக் குடும்பம். என் மகனும் அவளும் எர்ணாகுளத்தில் ஒரே கம்ப்யூட்டர் கிளாஸில் படித்துப் பழகினவர்கள். அவளுடைய அம்மா மீன் ஷெட்டில் வேலை பார்க்கிறவர். காலையிலிருந்து நின்றபடியே மீனைக் கழுவி, தோலெடுத்து, முள்ளெடுத்து, கப்பலேறிப் போவதற்குத் தோதாகத் துண்டு போட வேண்டும். கல்யாணம் பேசின அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன், "எல்லாத்துக்கும் சம்மதம், மீன் மட்டும் இந்தப் படி ஏறாது." நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழர்கள். பேச்சில் பாதி மலையாளம் ஆகிவிட்டது. நான் எழுதுகிற தமிழைப் படிக்க என் மகனுக்கே திணறும். ஆனால் சாப்பாட்டில் மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை என்று எனக்கு ஒரு கர்வம். அந்தப் பெண் தலையாட்டினாள். ஒன்றரை வருஷம் சாம்பாரும் தயிர்சாதமும் சாப்பிட்டாள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

பிறகு அவளுக்குத் தங்கியது. மூன்றாம் மாசம் கலைந்தும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். கஞ்சி கொடுத்தால் இரண்டு ஸ்பூன், பிஸ்கட் கொடுத்தால் பாதி. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், "ரத்தமே இல்ல. மீனோ முட்டையோ கொடுங்க. எண்ணெயில பொரிச்சு வேண்டாம்." நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அப்படியே இரண்டு வாரம் போயிற்று. ஒரு புதன்கிழமை காலையில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அவள் போனில் பேசுவது கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. சரி, கொஞ்சம் நின்று கேட்டேன். அவள் தன் அம்மாவை அம்மச்சி என்பாள், என்னை அம்மா என்பாள். "ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிட்டுப் போ அம்மச்சி" என்றாள். அதில் ஒன்றுமில்லை, உடம்பு தேற அம்மா வீட்டுக்குப் போவது உலகத்தில் உள்ளதுதான். அடுத்தாற்போல் கேட்டாள், "சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கட்டா?"

உடம்பு தேறப் போகிறவள் மாற்றுத்துணி எடுப்பாள், மருந்து எடுப்பாள். பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்டை எதற்கு எடுக்கிறாள்? ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இந்தப் பெண் போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

களமசேரி ஃபாக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்த மகனிடம் சொன்னேன். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "போயிட்டு வரட்டும்மா, அவளுக்கும் ஒரு மாற்றம் வேணும்ல" என்றான். சர்ட்டிபிகேட் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனால் எழுந்து அவளிடம் போகவில்லை. போனை எடுத்து வைத்துக்கொண்டான். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா" என்று கத்திவிட்டேன். பாவம், போனது அவனுக்கும் பிள்ளைதானே. அதைக் கத்தி முடித்த பிறகுதான் யோசித்தேன், என் வழக்கமே அதுதான்.

ஞாயிறு வரை நடுவில் மூன்று முழு நாள் இருந்தது. அவளிடம் உட்கார்ந்து பேசு என்றால் எனக்கு வராது. கைதான் ஏதாவது செய்யும். மீன் செய்து கொடுத்துவிடுவோம் என்று முடிவு பண்ணினேன். நான் போட்ட சட்டத்தை நானே எடுத்தால் அவளுக்குப் புரியும், போகமாட்டாள். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலையில் பஸ் பிடித்து எர்ணாகுளம் போனேன். ஏர் ஃப்ரையர் வாங்கினேன். பக்கத்து வீட்டில் அதில் பப்படம் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் வேண்டாம், அடுப்புப் பக்கம் நிற்க வேண்டாம், டாக்டரம்மா சொன்னதற்கும் சரி. முக்கியமாக, கடைக்காரப் பையன் "மணமே வராது ஆன்ட்டி" என்றான். அந்த வார்த்தைக்காகத்தான் வாங்கினேன். அவன் நன்றாக இருக்கட்டும். மூடியிருக்கிற பெட்டியில் மீனைப் போட்டால் மணம் பின்பக்க ஓட்டை வழியாக மொத்தமாக வெளியே வரும் என்று அவனுக்கு யார் சொல்ல.

வருகிற வழியில் மார்க்கெட்டுக்குப் போனேன். இத்தனை வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போன மீன் கடைக்கு முன்னால் போய் நின்றேன். மீன் விற்கிறவள் என் வயசுக்காரிதான். "எந்தா சேச்சி வேண்டது?" என்று கேட்டாள்.

"வெள்ளையா இருக்கணும். முள் இருக்கக்கூடாது. தோலும் வேண்டாம். கண்ணு இல்லாததா கொடு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணில்லாத மீன் கடல்ல இல்ல சேச்சி" என்று சொல்லிவிட்டு ஒரு பெரிய காளாஞ்சியை இழுத்துப் போட்டாள். தமிழ்நாட்டில் அதைக் கொடுவா என்பார்களாம். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் நடு எலும்பை ஒட்டிக் கத்தியை விட்டு, தோலை உரித்து, இரண்டு வெள்ளைப் பாளமாகக் கொடுத்தாள். பார்க்க இளநீர் வழுக்கை மாதிரி இருந்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மீன் சமைக்க எனக்குத் தெரியாது. ஆனால் சேனைக்கிழங்கு வறுக்கத் தெரியும். என் சேனை வறுவலுக்கு ஆபீசிலேயே ஆள் காத்திருப்பார்கள். கனமான வெள்ளைத் துண்டு, இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று நினைத்தேன். அரிப்பு போகப் புளித்தண்ணீரில் மஞ்சள் போட்டு அரைமணி நேரம் ஊறவைத்தேன். மீனுக்கு ஏது அரிப்பு என்று அப்போது தோன்றவில்லை. மிளகாய்த்தூள், பெருங்காயம், அரிசிமாவு எல்லாம் அப்பி மெஷினில் வைத்து, சூட்டை ஏற முடிந்தவரை ஏற்றி, இருபத்தைந்து நிமிஷம் வைத்தேன். இருபத்தைந்து நிமிஷமும் அதன் முன்னாலேயே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தட்டை இழுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் குப்பென்று மணம் மூஞ்சியில் அடிக்கும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி தள்ளுவேன். ஜன்னலைத் திறந்தேன், சாம்பிராணி போட்டேன், வாசலுக்கு ஓடி யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

தட்டில் எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நல்ல சிவப்பாக, மொறுமொறுவென்று, ஓரம் கருகி இருந்தது.

"சேனை வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடற்கரையில் பிறந்தவளுக்கே மீன் என்று தெரியவில்லை என்றால் நான் எந்த லட்சணத்தில் செய்திருக்கிறேன் பாருங்கள். பெருங்காயம் வேறு. அது மீன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அடுக்களைக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். பிறகு மகன் வந்து ஒரு துண்டை உடைத்துப் பார்த்து, "காளாஞ்சியாம்மா? இதை இப்படிக் கொல்லலாமா? நெய்மீன்னா கூடக் கொஞ்சம் தாங்கும்" என்றான். எத்தனை வருஷமாக வெளியே வெளுத்துக்கட்டுகிறான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைத் தட்டிக்கேட்கக்கூட எனக்கு நேரமில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி வாங்கினேன். இந்தத் தடவை புளி இல்லை, பெருங்காயம் இல்லை. சூட்டையும் பாதியாகக் குறைத்தேன். ஆனால் கை கேட்கவில்லை. திறந்து திறந்து பார்த்ததில் உள்ளே சூடே நிற்கவில்லை. மேலே வெந்தும் வேகாமலும், அடியில் தட்டோடு ஒட்டிக்கொண்டும் கிடந்தது. கரண்டி வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. உப்புப் போட்டேனா இல்லையா என்றும் ஞாபகமில்லை. மற்ற சமையல் என்றால் நாக்கில் ஒரு துளி விட்டுப் பார்ப்பேன். இதை யார் வாயில் வைத்துப் பார்ப்பது? அவளிடம் கொண்டுபோகவே இல்லை. பின்வாசலில் பூனைக்குப் போட்டேன். அது நக்கித் தின்றது. அதனிடம் உப்புக் கேட்க முடியுமா?

அன்றைக்கு மத்தியானம் அவள் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. காகிதம் சரசரக்கிற சத்தமும் கேட்டது. நான் அடுக்களையில் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே போய் "எதுக்குடி எடுக்கறே" என்று கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வரும். எனக்கு அந்தப் பதில்தான் பயம்.

சனிக்கிழமை விடிந்ததும் மீன்காரியிடம் போய் நின்றேன். வெட்கத்தைவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெருங்காயம் என்று சொன்னதும் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். யாருக்கு என்று கேட்டாள். மருமகளுக்கு என்றேன், என்ன நடந்தது என்றும் சொன்னேன். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். மீனைத் துணியில் ஒற்றி ஈரமே இல்லாமல் துடைக்கணும். உப்பு, மிளகு, கொஞ்சம் மிளகாய், அரை எலுமிச்சை. தேங்காயெண்ணெய் ஒரு ஸ்பூன், மீனிலும் தடவு, தட்டிலும் தடவு. நடுத்தரமான சூடு, பன்னிரண்டு நிமிஷம். "இடையில திறக்கருது சேச்சி. நீங்க திறந்தா அது வேகாது. விட்டுடணும்."

விட்டுடணுமாம். என்னிடம் வந்து சொல்கிறாள்.

சொன்னபடியே எல்லாம் செய்து மெஷினைப் போட்டேன். இரண்டு நிமிஷம் ஆயிற்று, கை பரபரத்தது. மூன்றாவது நிமிஷம் தட்டின் பிடி மேலேயே கை போய்விட்டது. இனி இங்கே நின்றால் திறந்துவிடுவேன் என்று தெரிந்துபோய், முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு அடுக்களையை விட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் நின்றால் திரும்பி ஓடிவிடுவேன். அதனால் மருமகள் அறைக்குப் போய் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் வந்து படுத்ததிலிருந்து நான் தட்டோடுதான் அந்த அறைக்குள் போயிருக்கிறேன். வெறுங்கையோடு போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா?"

"பன்னண்டு நிமிஷம் அதைத் திறக்கக்கூடாதாம். அங்க இருந்தா திறந்துடுவேன்."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "மீன்தானே நேத்திலேர்ந்து? மணம் வருது."

"முதல் நாள் சேனைன்னு சொன்னியே."

"அது மீனா?" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "எதுக்கும்மா இதெல்லாம்? உங்களுக்குப் பிடிக்காதுல்ல."

"நீ சாப்பிடணும். நான்தானே வரக்கூடாதுன்னு சொன்னேன். இனி வரட்டும். நீ போக வேண்டாம்." சொல்லிவிட்டேன். இவ்வளவு சின்னதாக வாயிலிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை.

அவள் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "மீன் எனக்கு ஒரு விஷயமில்லம்மா. தெரிஞ்சுதானே வந்தேன். வேணும்னா எங்க வீட்டுக்குப் போறப்போ தின்னுக்குவேன்." பிறகு குரலை இறக்கி, "அம்மச்சி இங்க மூணு தடவை வந்தாங்க. மூணு தடவையும் வராந்தாவுல சேர் போட்டு சாயா கொடுத்தீங்க" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. நல்ல சேர்தான், நல்ல கப்தான், பிஸ்கட்டும் வைத்தேனே என்றுதான் புத்தி போயிற்று.

"ஒரு தடவைகூட உள்ள வாங்கன்னு சொல்லல. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கும் அம்மச்சி வெளியவே இருந்தாங்க. என் பக்கத்துல வந்து கொஞ்ச நேரம் படுத்துக்கணும்னு அவங்களுக்கு இருந்திருக்கு. எனக்கும் இருந்துச்சு. ஜன்னல் வழியா என் கையைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அந்த அம்மாள் ஷெட்டிலிருந்து நேரே ஓடிவந்திருந்தார். மேலெல்லாம் மீன் மணம். நான் தாராளமாக, மரியாதையாக, ஃபேனைக்கூட வெளியே திருப்பிவைத்து, அவரை வாசலோடு நிறுத்திவிட்டேன். உள்ளே வரவேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை. சொல்லாமலே அவருக்குப் புரிகிற மாதிரி நடந்துகொண்டேன். என் பேரப்பிள்ளை போன அன்றைக்கு, பெற்றவளைப் பெண்ணிடம் விடவில்லை.

அடுக்களையில் மெஷின் டிங் என்றது. நான் எழுந்திருக்கவில்லை. தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னேன். அவள் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு மீன் நன்றாகத்தான் வந்திருந்தது, விரல் வைத்தால் இதழ் இதழாகப் பிரிந்தது. அவள் அதைத் தொடவில்லை. மகன்தான் சாப்பிட்டான், தலையைக் குனிந்துகொண்டே.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மாள் வந்தார். வெள்ளைச் சேலை, கையில் மடித்த பெரிய பை. சர்ச்சிலிருந்து நேரே வந்ததாகச் சொன்னார். படியேறினதும் தானாகவே வராந்தா சேரில் உட்கார்ந்து, "மோளை விளிக்காமோ?" என்று கேட்டார். மகளைக் கூப்பிடச் சொல்கிறார், என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு.

"உள்ள வாங்க" என்றேன்.

"வேண்டாம், நாழியாச்சு. பஸ் போயிடும்."

"உள்ள வாங்க. அடுக்களைக்கு வாங்க. எனக்கு மீன் வைக்கத் தெரியல."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். நம்பவில்லை. கேலி பண்ணுகிறேனோ என்றுகூட நினைத்திருப்பார். நான் அவர் கையைப் பிடித்தேன், விடவில்லை. எழுந்து வந்தார். செருப்பை விட்டுவிட்டு, சுவரோடு ஒட்டி, எதன் மேலும் படாமல் நடந்து வந்தார். அவர் அப்படி நடந்ததைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

காலையிலேயே வாங்கித் துடைத்து வைத்திருந்த மீன் துண்டை அவரிடம் காட்டினேன். கட்டைவிரலை அதன் மேல் ஒரு தடவை ஓட்டினார். நடுவில் நின்று, நகத்தால் நெருடி, மயிர் மாதிரி ஐந்தாறு முள்ளை வரிசையாகப் பிடுங்கிப் போட்டார். "இது மோளுடெ தொண்டையில குத்தியிருக்கும்" என்றார். நேற்று என் மகன் தப்பித்தது தெய்வாதீனம். உப்பை அவரே போட்டார். மெஷினில் வைத்துவிட்டு இருவரும் அடுக்களையிலேயே நின்றோம். "அன்னிக்கு உங்களை உள்ள விட்டிருக்கணும்" என்று மட்டும் எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஆமாம், விட்டிருக்கணும் என்றுதான் அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான்.

வெந்ததும் தட்டில் எடுத்து, ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்து, "கொஞ்சம் உப்பு வேணும்" என்று சத்தமாகச் சொன்னார். அந்தச் சத்தம் கேட்டு மருமகள் எழுந்து வந்தாள். அடுக்களை வாசலில் நின்று, தன் அம்மா என் அடுப்புத் திண்டில் சாய்ந்துகொண்டு மீன் தின்பதைப் பார்த்தாள். போய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் மீன் பட்ட கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவளைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். அந்த ஆஸ்பத்திரி நாளில் அழ வேண்டியதை அன்றைக்கு என் அடுக்களையில் அழுதார்கள். நான் அங்கே நிற்கக்கூடாது என்று எனக்கே தெரிந்து வெளியே வந்து வராந்தா சேரில் உட்கார்ந்தேன். வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு அவள் போகத்தான் செய்தாள். பையும் போனது, சர்ட்டிபிகேட்டும் போனது. போகாதே என்று நான் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? மகனும் கூடப்போனான். லீவு போட்டுவிட்டு நான்கு நாள் அங்கே இருந்துவிட்டு வந்தான். "எப்ப வருவா?" என்று அவனிடம் கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினேன். ஒரு நாள் போனை எடுத்து அவள் நம்பர் வரை போய் வைத்துவிட்டேன். மூன்று வாரம் அப்படியே ஓடியது. வீட்டை மூன்று தடவை ஒட்டடை அடித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாருக்கும் சொல்லாமல், அதே பையோடு தனியாகப் பஸ் ஏறி வந்து கதவைத் தட்டினாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது. வேர்த்து வழிய நின்றவள், "விசக்குதம்மா" என்றாள், பசிக்கிறதாம்.

தயிர்சாதம்தான் இருந்தது. இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.